எங்கள் வேன் சீட்டை நாங்களே வாடகைக்கு எடுத்தது

அன்று காலை விளாங்குடி டீக்கடை முன்னால் ஆறு பேர் இருந்தோம். நான். என் மனைவி, கிளினிக்கில் அரை நாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளுடைய தம்பி, ஸ்பானர் பையோடு. முனிச்சாலைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய். எதையாவது அறுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று பயந்து நான்தான் வரச் சொல்லியிருந்தேன். டீக்கடைக்காரர். ஆறாவது ஆள், எங்கள் வேனின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவர் எழுந்தால்தான் சீட்டைக் கழற்ற முடியும். அவர் எழுகிற மாதிரி இல்லை.

வேனின் சீட் டீக்கடைக்கு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் வேனை வாங்கிய கதையிலிருந்து வர வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதே டீக்கடைக்கு எதிரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு நல்ல மோட்டார் எதுவும் வருவதில்லை. வருவதெல்லாம் கருகி, நாற்றம் அடித்துக்கொண்டுதான் வரும். வருடக்கணக்கில் இதையே பார்த்தவனுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் எல்லாமே இன்றைக்கோ நாளைக்கோ எரியப் போவதாகத்தான் தோன்றும். வீட்டில் ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இப்படிப்பட்ட என்னிடம்தான் என் மனைவி, வேனில் குஜராத் வரைக்கும் போய் உப்புப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

அவளுக்குக் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். நின்று நின்று இடுப்பில் டிஸ்க் விலகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் நேராகப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கில் எங்கே படுப்பது? மருந்து வாங்க வந்த ஒரு அம்மா, மகன் அனுப்பிய வீடியோ என்று போனில் ஒன்றைக் காட்டியிருக்கிறாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் வெள்ளைத் தரை. அன்றைக்குப் பிடித்தது இவளுக்கு. ரயிலில் போகலாமே என்றேன். ரயில் நான் நினைத்த இடத்தில் நிற்குமா என்றாள். வேன் நின்றுவிடுமே, நாம் நினைக்காத இடத்தில் எல்லாம் நின்றுவிடுமே என்பதுதான் என் கவலை. அதைச் சொன்னால் அவள் தம்பி கேட்பானா?

அவன் வண்டியூரில் இருக்கிறான். செல்போன் கடையில் வேலை. வண்டியில் காடு மேடெல்லாம் சுற்றுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவைகூடத் தேனியைத் தாண்டாமலே எல்லாம் தெரிந்தவனாகிவிட்டான். வாங்கினால் ஜீப்தான், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். திருமங்கலத்தில் ஒரு ஜீப்பைப் போய்ப் பார்த்தோம். கதவு இல்லை. கதவு எங்கே என்று கேட்டதற்கு, கதவு இல்லாததுதான் மாமா ஸ்டைலு என்றான். அடியில் குனிந்து பார்த்தேன். துரு. உள்ளே ஏறி என் மனைவி படுத்துப் பார்த்தாள். முட்டி வரைக்கும்தான் ஜீப் இருந்தது, மீதிக் கால் வெளியே தொங்கியது. அதோடு ஜீப் பேச்சு முடிந்தது. ஆனால் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு மாதத்தை நான்தான் அனுபவித்தேன்.

கடைசியில் கிடைத்தது ஒரு சமையல் காண்ட்ராக்டர் வைத்திருந்த எட்டு சீட் வேன். கதவைத் திறந்தால் ரசப்பொடி வாசம். இன்றுவரை போகவில்லை. விலை குறைவு என்று மச்சினன் குதித்தான். விலை ஏன் குறைவு என்று கேட்டவன் நான் ஒருவன்தான். வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியப் போகிறது, முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றார் காண்ட்ராக்டர். அவ்வளவுதான் என்ற வார்த்தையை நம்பி நான் உருப்பட்டதே இல்லை. ஆனாலும் வாங்கினோம்.

முதல் வேலையாக, ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருந்த இரண்டு நீளச் சீட்டையும் கழற்றினோம். சீட்டுக்கு மூன்று பேர் உட்காரலாம். அந்த இடத்தில் பிளைவுட் கட்டில் வரும், அதன் அடியில் சாமான் வைக்கலாம் என்று திட்டம். கழற்றிய சீட்டை மாடியில் போட்டு வைக்கலாம் என்றான் மச்சினன். பஞ்சுக்குள் எலி குடியேறும், எலி வந்தால் வயரைக் கடிக்கும், வயரைக் கடித்தால் வீடு எரியும் என்றேன். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. எதிர்க் கடை டீக்காரர் எண்ணூறு ரூபாய் கொடுத்து இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஒன்றைச் சுவரோரம் போட்டார். இன்னொன்றை ரோட்டுக்கு முதுகு காட்டி, யாரும் குறுக்கே டூவீலரை நிறுத்தாதபடி தடுப்பு மாதிரிப் போட்டார். இரண்டுக்கும் காலைச் சிமெண்டில் போல்ட்டுப் போட்டு இறுக்கிவிட்டார். தினமும் நான் அதில் உட்கார்ந்துதான் டீ குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு எட்டு மாதம் வேனுக்கு வேலை நடந்தது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வேனைப் பற்றித்தான் பேச்சு, ஆளுக்கொரு யோசனை. மச்சினன் மேலே கேரியர் வைத்தான், முன்னால் இரும்புக் கம்பி கார்டு வைத்தான், மஞ்சள் விளக்கு நாலு மாட்டினான். நான் என் பங்குக்கு அறுபது லிட்டர் தண்ணீர் டேங்க், இரண்டாவது பேட்டரி, இன்வெர்ட்டர், தீ அணைக்கும் சிலிண்டர் இரண்டு. ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று வேண்டாமா? இரண்டு ஸ்டெப்னி. வயர் எல்லாம் நானே இழுத்தேன். மெயின் வயர் அறுந்துவிட்டால் என்று பக்கத்திலேயே இன்னொரு வயரும் ஓட்டினேன். இந்தக் கனத்துக்கு வண்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது. பாய் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுத் தூக்கினார். தூக்கினதும் குதிரை மாதிரி குதித்தது. கல்லுப்பட்டிக்கு அந்தப்புறம் கரிசல் காட்டுப் பாதையில் ஓட்டிப் பார்க்கக் கூட்டிப்போனான் மச்சினன். டேங்க் தண்ணீர் தளும்பி இன்வெர்ட்டரில் கொட்டியது. நான் பயந்ததெல்லாம் இதற்குத்தான் என்றேன். டேங்கை வைத்தது யார் என்று கேட்டாள் என் மனைவி. 

அவள் கட்டிலில் மட்டும் குறை சொல்லவில்லை. நேராகக் காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்றாள். கிளினிக் டாக்டரம்மாவிடம் நாலு வருட லீவைச் சேர்த்துக் கேட்டிருந்தாள். தை பிறக்கிறதுக்கு முன்னால் இருபது நாள், இதற்கு மேல் கேட்கக் கூடாது என்ற பேச்சோடு கிடைத்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டத் தேதி வாங்கியிருந்தோம். அதைத் தவற விட்டால் வண்டி ரோட்டில் ஏற முடியாது. அவளுடைய லீவு அப்படியே கரைந்து போகும்.

புதன்கிழமை, ஆபீஸ் வாசலில் ஃபாரம் எழுதித் தருகிறவர் வண்டியை ஒரு பார்வை பார்க்கிறேன் என்று வந்தார். பக்கக் கதவை இழுத்தார். கட்டிலைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார். ஆர்.சி.யில் எட்டு சீட் இருக்கிறது, வண்டியில் இரண்டுதான் இருக்கிறது, மீதி ஆறு எங்கே என்றார். கார்டு கூடாது, விளக்கு கூடாது, கேரியர் கூடாது, வண்டி கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே வந்து நிற்க வேண்டும் என்றார். அப்படியென்றால் எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வருவார்கள், டயர் தேய்ந்திருந்தால் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிக்கொண்டு வருவார்கள், காட்டி முடித்ததும் பழையபடி மாட்டிக்கொள்வார்கள் என்று அமைதியாகச் சொன்னார். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் எட்டு மாதமாக எனக்கு யோசனை சொன்ன ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். கவலைப்பட ஆயிரம் விஷயம் கண்டுபிடித்தவன் இந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

அந்த மாடல் சீட் இப்போது வருவதில்லை. பழைய சாமான் கடைகளில் அலைந்தும் கிடைக்கவில்லை. அதனால்தான் வியாழக்கிழமை காலை டீக்கடை முன்னால் அந்த ஆறு பேர்.

திருப்பி விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். டீக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, விற்கிற எண்ணம் இல்லை என்றார். சீட் வந்த பிறகுதான் ஆட்கள் உட்கார்ந்து இரண்டாவது டீ சொல்கிறார்களாம்.

"வாடகைக்கு வேணா எடுத்துக்கங்கண்ணே. ஒரு நாளைக்கு நூத்தம்பது. அதுவரைக்கும் என் ஆளுக உக்கார நாலு பிளாஸ்டிக் சேரு நீங்க குடுக்கணும்."

"என் சீட்டுக்கு நான் வாடகை தரணுமா?"

"உங்க சீட்டுன்னா உங்க கடையிலல்ல இருந்திருக்கணும்."

பாய் திரும்பி நின்று சிரித்தார். ஐந்நூறு அட்வான்ஸ் கொடுத்தேன். என் கடையில் இருந்த நாலு சேரும் ரோட்டைத் தாண்டிப் போனது. இத்தனை பேச்சு நடந்தும் கண்டக்டர் பேப்பரை மடிக்கவில்லை. மச்சினன் அவர் காலடியில் குனிந்து ஒரு போல்ட்டைத் திருகிவிட்டான். சீட் லேசாக ஆடியது.

"எந்திரிக்கச் சொல்றதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி," என்றார் அவர். "முப்பது வருசம் நான் சீட்டுல ஆள எந்திரிக்கச் சொல்லிருக்கேன். ஒருத்தர்கூடக் கோவிச்சதில்ல."

"எப்பிடிச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"லேடீஸ் நிக்கிறாங்கன்னு சொல்லுவேன்."

"நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்ணே."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கழற்றிய பிறகுதான் அடுத்த தலைவலி தெரிந்தது. ரோட்டுக்கு முதுகு காட்டி இருந்த சீட்டின் பின்பக்கம் முழுக்க டீக்காரர் பெயிண்டில் விலைப்பட்டியல் எழுதி வைத்திருந்தார். டீ 12, காபி 20, பருத்திப்பால் 20. தினமும் பார்த்த எழுத்துதான், ஆனால் அது சீட்டின் மேல் இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. தின்னர் போட்டுத் துடைத்தோம். ரெக்சின் வெளுத்தது, எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சரி, போர்வையைப் போட்டு மூடலாம் என்றான் மச்சினன்.

சாயங்காலம் பாய் பட்டறையில் கட்டில், டேங்க், இன்வெர்ட்டர், கேரியர், கார்டு எல்லாம் இறங்கின. எட்டு மாத உழைப்பு ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. சீட்டைப் பழைய இடத்தில் வைத்து மாட்டப் பார்த்தால், கட்டிலுக்காக நாங்கள் போட்ட ஓட்டையும் பழைய ஓட்டையும் சேர்ந்து பொத்தலாகியிருந்தன. போல்ட்டு நிற்கவில்லை. கையால் தள்ளினால் சீட் ஆடியது. பார்க்க வருகிற அதிகாரி ஆட்டிப் பார்ப்பாரே, ஆடினால் என்ன சொல்வது, திருப்பி அனுப்பினால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாய், நல்லாப் பத்த வச்சிருங்க, யானை இழுத்தாலும் வரக் கூடாது என்றேன். இன்னொரு தடவை யோசிங்கண்ணே என்றார் அவர். யோசித்தேன். யோசிக்கிறதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை? இன்னும் இரண்டு இடத்தில் சேர்த்து வெல்டு வைக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வரிசையில் எங்கள் முறை வந்தது. அதிகாரி சின்ன வயதுக்காரர். இன்ஜின் நம்பரைப் பார்த்தார், விளக்கைப் போடச் சொன்னார், ஹார்ன் அடிக்கச் சொன்னார். பக்கக் கதவு வழியாக சீட்டை எண்ணினார். நாங்கள் மாட்டிய இரண்டில் முன்னால் இருந்த சீட்டைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை, வேன்தான் அசைந்தது. என் மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன். பிறகு அவர் பின்பக்கம் போய்க் கதவைத் தூக்கினார். போர்வையை விலக்கினார். கொஞ்ச நேரம் நின்று படித்தார்.

"வண்டியில டீ யாவாரம் பாக்கிறீங்களா?"

நான் போர்வையை எடுத்து மடித்தேன். மச்சினன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"டீக்கடையில கிடந்த சீட்டு சார்," என்றாள் என் மனைவி. "எங்க சீட்டுதான். இவரு வித்துட்டாரு. இப்ப வாடகைக்கு வாங்கிட்டு வந்திருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொந்த சீட்டு வாடகை எம்புட்டு என்று கேட்டார். நூற்றைம்பது என்றேன். ஜாஸ்தி என்றார். சீட் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கிறது, எழுத்தை மட்டும் அழித்துவிடுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நேராகப் பட்டறைக்குப் போய், சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலை ஏற்றுங்கள் பாய் என்றேன். அவர் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தார். வெல்டை அறுத்தால் தரைத் தகடு கிழியும், புதுத் தகடு வைத்துப் பெயிண்ட் அடித்து முடிக்கப் புதன்கிழமை ஆகும் என்றார். அதுகூடப் பரவாயில்லை. அறுக்கிற இடத்துக்கு நேர் கீழே டீசல் டியூப் போகிறது. பக்கத்தில் நான் இழுத்த வயர், அறுந்தால் இருக்கட்டும் என்று இழுத்த இன்னொரு வயர். வெல்டு வைத்த அன்றைக்கு அதிகாரியை நினைத்த பயத்தில் இது எதுவும் என் கண்ணில் படவில்லை. பொறி பறந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

"யான இழுத்தாலும் வரக் கூடாதுன்னு நீங்கதாண்ணே சொன்னீங்க," என்றார் பாய்.

மச்சினன் என்னைத் திட்டினான். நான் அவனைத் திட்டினேன். ஜீப் வாங்கியிருந்தால் என்று அவன் ஆரம்பித்ததும் எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைத் தூக்கிப் போட்டேன். அது தண்ணீர் டேங்கில் பட்டு டேங்க் விரிசல் விட்டது. சரி, பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடலாம் என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

என் மனைவி அதுவரை வேனுக்குள் அந்த முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"லீவு திங்கக்கிழம ஆரம்பிக்கிது. நான் உக்காந்தே போறேன்."

"அக்கா, அம்புட்டு தூரம் உக்காந்தா உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றான் தம்பி.

"தினம் எட்டு மணி நேரம் நிக்கிறேன். உக்காரச் சொன்னா கசக்குமா? வண்டிய எடுங்க."

திங்கட்கிழமை அதிகாலை கிளம்பினோம். கட்டில் இல்லை, டேங்க் இல்லை, இன்வெர்ட்டர் இல்லை. ஒரு சின்ன அடுப்பு, இரண்டு தண்ணீர் கேன், ஒரு மெத்தை, ஒரு ஸ்டெப்னி. இரண்டாவது ஸ்டெப்னியை நான் ஏற்ற, அவள் இறக்கினாள். திண்டுக்கல், சேலம், பெங்களூர், ஹூப்ளி, புனே என்று போனோம். நான் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இறங்கி வண்டியின் அடியில் குனிந்து பார்த்தேன். அவள் மூன்று பேர் சீட்டில் காலை மடக்கிப் படுத்து வந்தாள். மடக்கிப் படுத்தால் வலி கூடியது, அதை என்னிடம் சொல்லவில்லை, எழுந்து இறங்கும்போது கதவைப் பிடிக்கிற பிடியில் தெரிந்தது. கட்டில் இருந்திருந்தால் என்று நான் ஒரு தடவை வாயைத் திறந்தேன். வெளியே பாருங்க என்றாள். எட்டு மாதம் நான் தயாராகி வைத்த ஆபத்து ஒன்றும் வரவில்லை. அகமதாபாத்துக்கு முன்னால் ஒரு பஞ்சர், அவ்வளவுதான். எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது.

உப்புத் தரைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு விடிகாலை. வெள்ளையாக, முடிவே இல்லாமல் கிடந்தது. நான் குதிகாலால் மிதித்து மிதித்து, வண்டி அமிழ்ந்துவிடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சினன் வீடியோ எடுத்தான். அவள் பக்கக் கதவை முழுக்கத் திறந்து, சீட்டிலேயே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே உப்பில் பாதத்தை வைத்தாள். அடுப்பு மூட்டி நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தாள். சர்க்கரை பத்தவில்லை என்றாள். டம்ளரைக் கீழே உப்பில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இடுப்பு போச்சு," என்றாள் கடைசியில். "ஆனா பாத்தாச்சு. சீட்டுக்காரருக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். ரெக்சின் கிழியாம பாத்துக்கங்கண்ணே என்று பதில் வந்தது.

திரும்பி வந்து ஒரு வாரம் அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு பழையபடி கிளினிக்குக்குப் போனாள். சீட் இன்னும் வேனில்தான் இருக்கிறது. அறுக்கலாம் என்று பாய் இரண்டு தடவை தேதி சொன்னார். டீசலை முழுக்க வடித்துவிட்டு, வயரை எல்லாம் உருவிவிட்டுத்தான் அறுக்க விடுவேன் என்று நான் நிற்கிறேன். அறுக்கவே வேண்டாம், அடுத்த லீவுக்கும் இப்படியே போகலாம் என்கிறாள் அவள். மச்சினன் ஜீப் வீடியோ அனுப்புகிறான். எதிர்க் கடையில் என் பிளாஸ்டிக் சேரில் கண்டக்டர் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். நான் நின்றுகொண்டே டீ குடிக்கிறேன். டீக்காரர் வாடகையை நிறுத்தவில்லை. சீட்டைக் கழற்றின வியாழக்கிழமையில் இருந்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அட்வான்ஸ் ஐந்நூறு போக நான் அவருக்குத் தர வேண்டியது ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.